அறுவடை வாரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அறுவடை இயந்திரம் வர வேண்டியது. காலையிலேயே மேகம் கட்டிக்கொண்டது, ஓட்டுநர் வரமுடியாது என்று போன் செய்துவிட்டார். விவசாயத்தில் நாளைய வேலையை வானம்தான் முடிவு செய்யும், ஆட்டிசம் உள்ள சின்னவனுக்கோ அடுத்து என்ன என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். அதற்காகவே, அன்றன்றைய வேலைகளைப் படங்களாக ஒட்டிவைக்கும் அவனுடைய படப் பலகையில் ஒரு மஞ்சள் அட்டை உண்டு: 'மாறிவிட்டது' என்று அர்த்தம். அவனுக்குப் பிடித்த மாற்றங்களுக்குத்தான் முதலில் அதைக் காட்டிப் பழக்கினோம், கூடுதலாகக் கொஞ்சநேரம் ஊஞ்சல் மாதிரி. இன்று இயந்திரத்தின் படத்தை எடுத்துவிட்டு அட்டையை அவனே ஒட்டினான். அப்புறம் வெகுநேரம் வாசலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். நடக்கட்டும், அவன் தன்னைச் சமாளித்துக்கொள்ளும் விதம் அது.

மார்ச் 6, வியாழன்

இயந்திரம் வந்தது. காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டும் பயனில்லை, சத்தத்தோடு தூசி, வயல் நிறைய ஆட்கள், எல்லாம் சேர்ந்து தாங்காமல் தரையில் விழுந்து கத்த ஆரம்பித்துவிட்டான். வேலைக்கு வந்த ஒருவர் "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்றார். பிடிவாதம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். இவனுக்கு அப்போது எதுவுமே வேண்டாம், மூளைக்குள் போவது அளவுக்கு மீறிவிட்டது, அவ்வளவுதான். பேச்சைக் குறைத்து, வைக்கோல் அறைக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அங்கே வெளிச்சம் குறைவு. அத்தைதான் அந்த மூலையைப் பழைய மெத்தை போட்டு அவனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார், வாயால் ஆறுதல் சொல்ல வராது அவருக்கு.

மார்ச் 9, ஞாயிறு

கறவை நேரம் மழையோ வெயிலோ மாறாது, அதனால் கொட்டகை வேலை அவனுக்குப் பிடித்த வேலை. இன்று ஒரு மாடு வாசலைத் தாண்டவே மறுத்தது. இவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்க, சின்னவன் நேராகப் போய்க் கதவில் தொங்கிய சாக்கைக் கழற்றினான், மாடு உள்ளே போய்விட்டது. டெம்பிள் கிராண்டின் நினைவுக்கு வந்தார். 1947இல் பிறந்தவர், அவருக்கும் ஆட்டிசம், பேச்சே மூன்றரை வயதுக்கு மேல்தான் வந்தது. தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், ஈரத்தில் மின்னும் வெளிச்சம் இவைகூட மாட்டைத் தயங்க வைக்கும் என்று கண்டு, கால்நடைகளை நடத்திச் செல்லும் பாதைகளையே மாற்றி வடிவமைத்தவர். அதற்காக இவனும் அப்படி ஆவான் என்று கணக்குப் போடவில்லை. மாடு உள்ளே போனது, அது போதும்.

பெரியவளுக்கு வேறு வருத்தம். "பலகை முழுக்க அவன் நாள்தானே இருக்கு" என்றாள். பதில் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்தில் அவளும் நானும் மட்டும் இருக்கும் படத்தை ஒட்டியிருக்கிறாள், அந்த நேரத்துக்கு மஞ்சள் அட்டை செல்லாதாம்.

மார்ச் 13, வியாழன்

'பண்ணையில் வளர்வது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்லது' என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இடம் இருக்கிறது, மாடு இருக்கிறது, சரி. கிணறும் டிராக்டரும் பூச்சிமருந்தும் இருக்கின்றனவே! இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள், தண்ணீர் அவர்களை இழுக்கும், அப்படிப் போய் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறக்கிறார்கள். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டாயிற்று. கதவுத் தாழ்ப்பாளை அவன் கைக்கு எட்டாத உயரத்துக்கு இன்று மாற்றினோம். டிராக்டர் சாவி இனி இவர் சட்டைப்பையில், மருந்து பூட்டிய அலமாரியில். நீச்சலும் பழக்க வேண்டும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியாகிவிட்டது: அவனைக் காணோம் என்றால் வீட்டுக்குள் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள்.