வெந்நீர் ஊற்றிய பிறகுதான் முளைத்தது

மெல்போர்னில் எங்கள் பக்கத்து வீட்டு வேலியோரம் ஒரு கோல்ட் டஸ்ட் வாட்டில் புதர் நிற்கிறது. தாவரவியல் பெயர் அகேசியா அசினேசியா. விக்டோரியா மாநிலத்தின் சொந்தச் செடி, ஆளுயரம்தான் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் கிளை முழுக்க மஞ்சள் பஞ்சுருண்டையாகப் பூக்கும். டிசம்பரில் காய்கள் காய்ந்து சுருண்டதும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு ஒரு கைப்பிடி பறித்து வந்தேன். 40 விதை தேறியது.

ஊட்டிப் பக்கம் போனவர்களுக்கு வாட்டில் என்றால் புல்வெளியை விழுங்கிய சீகை மரம்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் இது தன் சொந்த மண்ணில் நிற்கிறது, இதன்மேல் என்ன கோபம்?

மார்ச்சில் பத்து விதைகளை அவரை ஊன்றுவதுபோல அப்படியே ஊன்றினேன். ஆறு வாரம் ஒன்றும் அசையவில்லை. கிளறிப் பார்த்தால் போட்டது போட்டபடி பளபளவென்று கிடக்கின்றன. இந்த விதைத்தோல் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் தீயின் சூடு பட்டால் இளகும்.

சரி, தீக்குப் பதில் கெட்டில். அந்தப் பத்தோடு இன்னும் இருபதைக் காபிக் கோப்பையில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். விதையை வேகவைக்கிறோமே என்று கை தயங்கத்தான் செய்தது. ராத்திரி முழுக்க ஊறி, காலையில் 19 விதைகள் இரண்டு மடங்காக உப்பியிருந்தன. மணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி கலந்து, தாய்ச்செடியின் அடிமண்ணையும் ஒரு பிடி சேர்த்து விதைத்தேன். காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும் வேர்முடிச்சுக்கான நுண்ணுயிர் அதில் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் முதல் முளை. மொத்தம் 14 வந்தன. ஆர்வக்கோளாறில் தினமும் தண்ணீர் ஊற்றியதில் ஐந்து நாற்றழுகலில் போயின. தண்டு அடியில் நூலாக இளைத்து அப்படியே சாய்ந்துவிட்டது.

ஜூலையில் ஒரு குழப்பம். முதலில் வந்த இலைகள் தொட்டாச்சிணுங்கி போல இறகாக இருந்தன. தாய்ச்செடியிலோ சின்னச் சின்னத் தட்டை இலைகள். களை விதை ஏதோ கலந்துவிட்டது என்று பிடுங்கப் போனேன். நல்லவேளை, ஒரு நாற்றை உற்றுப் பார்த்தேன்: இலைக்காம்பு தட்டையாக அகன்று, அதன் நுனியில் மட்டும் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த இலையில் இறகே இல்லை. இந்த வாட்டிலில் நாம் இலை என்று நினைப்பது காம்புதான்.

செப்டம்பரில் தொட்டி மாற்றும்போது வேரில் கடுகளவு முடிச்சுகள் தெரிந்தன. அப்புறம், வெந்நீர் படாமல் மீந்த பத்து விதைகளைப் பின்வாசல் படியில் தட்டில் வைத்திருந்தேன், அதில் நாலைந்தை எறும்புகள் இழுத்துப் போய்விட்டன. விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காகத்தான் அவை வருகின்றன. படிக்கு அடியில் எங்கேயோ புதைத்திருக்கும்.