பொங்கலுக்கு முன் பிடுங்கிய ஞானப்பல்

பதினேழு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் முளைப்பதால் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு ஞானப்பல் என்று பெயர் வந்ததாம். என்னுடைய ஞானத்தின் அளவு, கீழ்த்தாடையின் இடப்புறம் வலித்த அந்தப் பல்லை இரண்டு ஆண்டுகள் கிராம்பை வைத்தே ஓட்டியதில் தெரிந்துவிடும். கிராம்பிலுள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பைச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யுமே தவிர, பாதி முளைத்த பல்லின் மேல் மூடிக்கிடக்கும் ஈறுக்கடியில் சோற்றுப்பருக்கை புகுந்து சீழ் பிடிப்பதைத் தடுக்காது. நான்கைந்து நாளில் வலி தானாக அடங்கும். நானும் குணமாகிவிட்டது என்று சென்னைக்கு ரயில் ஏறிவிடுவேன். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வீங்கும்.

இந்த முறை காது வரை குத்தல் எடுத்ததால், பொங்கல் விடுமுறைக்கு வலங்கைமான் வந்த கையோடு கும்பகோணத்தில் ஒரு பல் மருத்துவரைப் பார்த்தேன். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரேயில், அந்தப் பல் மேல்நோக்கி வளராமல் தனக்கு முன்னாலிருந்த கடைவாய்ப் பல்லின் மீது சாய்ந்து படுத்திருந்தது. அதன் வேருக்குச் சற்றுக் கீழே ஓடிய மெல்லிய கோட்டைக் காட்டி, கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாகத்தான் செல்கிறது என்றும், அரிதாகச் சிலருக்கு உதடு சில வாரங்கள் மரத்திருக்கக்கூடும் என்றும் விளக்கிய பிறகே மருத்துவர் கையெழுத்து வாங்கினார். விடுமுறையிலேயே ஓய்வும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, போகிக்கு முதல் நாளையே நான் தேர்ந்தெடுத்தேன். எந்தப் பண்டிகைக்கு முன்னால் செய்கிறோம் என்பதை ஏனோ யோசிக்கவில்லை.

மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு வலி இல்லை. ஆனால் அழுத்தமும் ஓசையும் இருந்தன. ஈறைக் கீறி, சுற்றியிருந்த எலும்பைச் சிறிது குடைந்து, பல்லை இரண்டாக அறுத்துத் துண்டு துண்டாக எடுத்தார்கள். தாடை எலும்பு வழியாகவே காதுக்குள் கேட்கும் அந்த நெறுநெறுப்பை, வயலில் அறுவடை இயந்திரம் ஓடும் சத்தம் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தேன். மூன்று தையல்கள். பஞ்சுத்துணியைக் கடித்தபடி பேருந்தில் ஏறியவனிடம் நடத்துநர் இரண்டு முறை ஊரைக் கேட்டுவிட்டு, மூன்றாம் முறை நான் கைப்பேசியில் எழுதிக் காட்டியதும், "பல்லா தம்பி?" என்று சிரித்தபடி சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மருத்துவர் சொன்னவற்றில் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியாமல் போனவை இரண்டு: எச்சில் துப்பக் கூடாது, எதையும் உறிஞ்சக் கூடாது. பல் இருந்த குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் அடியிலுள்ள எலும்புக்கும் நரம்புக்கும் மூடி. துப்பும்போதோ உறிஞ்சும்போதோ அது பெயர்ந்துவிட்டால், மூன்றாம் நாள் வாக்கில் பல்வலியைவிடக் கொடிய வலி எழும். நலம் விசாரிக்க வந்த மாமாவோ உறிஞ்சுகுழல் செருகிய இளநீரோடுதான் வந்தார். கொப்பளிப்பதும் மறுநாளிலிருந்துதான், உப்புநீரை வாயில் அலசித் தானாக வழியவிட வேண்டும்.

பொங்கலன்று வீக்கம் உச்சத்தில் இருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்தது. குழைந்த வெண்பொங்கலை ஆறவைத்து வலப்புறமாகத் தள்ளி விழுங்கினேன். முற்றத்தில் சாத்தியிருந்த கரும்பைத் தங்கையின் பிள்ளைகள் கணுக்கணுவாகக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்ததைப் பார்ப்பதுதான் பெரும்பாடு. (என் தங்கைக்கு ஞானப்பல் ஒன்றுகூட இல்லை, சிலருக்கு அது உருவாவதே இல்லையாம்.) வலப்புறத்திலும் அதே சாய்வில் ஒன்று படுத்திருக்கிறது. அதைச் சித்திரையில் எடுப்பதாக, தையல் பிரித்த ஏழாம் நாளே தேதி வாங்கிவிட்டேன்.

காணும் பொங்கலன்று அப்பாயி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்துபோய் ஒரு கரும்புத் துண்டைச் சீவிச் சிறு சில்லுகளாக நறுக்கினார். பல்லில்லாத அவர் தினமும் வெற்றிலை இடிக்கும் சிறு உரலில் அதைப் போட்டு நசுக்கி, துணியில் பிழிந்து, டம்ளரில் நீட்டினார். "உறிஞ்சாதடா, மெல்லச் சாய்ச்சுக் குடி" என்றார். சாற்றில் பாக்கு வாசனை லேசாக அடித்தது.