மூன்றாவது குதிப்பு

வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமான நிலையம், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் என்ற அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பிறகு, சிறிய விமானத்தில் ஏறுவது பாதுகாப்பானதுதானா என்று காட்பாடியில் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். விமானப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால் கேட்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, வேறொரு மாநிலத்தில் நான் வேலை பார்த்த ஒரு பயிற்சிப் பள்ளியின் ஓடுபாதையில், ஒரு மே மாதப் பிற்பகலில், செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்று மூன்று முறை குதித்து மூக்குச் சக்கரத்தை முறித்துக்கொண்டு நின்ற காட்சிதான். தனியாக ஓட்டி வந்தவன் ஆற்காட்டைச் சேர்ந்த, இருபது வயதுகூட நிரம்பாத பையன். நல்லவேளையாக அவனுக்குக் காயம் எதுவும் இல்லை.

நாங்கள் ஓடிச் சென்று பார்த்தபோது, தார்ப்பரப்பில் புரொப்பெல்லர் வெட்டிய தழும்புகள் அரிவாளால் கொத்தியதுபோல் வரிசையாகக் கிடந்தன. தலைமைப் பொறியாளர் டேப்பை விரித்து முதல் இரண்டு தழும்புகளுக்கு இடையே அளந்தார். 85 சென்டிமீட்டர் இருந்தது. இரண்டு இதழ் கொண்ட புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்று சுற்றி, 2,000 முறை வெட்டியதாகக் கொண்டால், தரையில் அந்த விமானத்தின் வேகம் சுமார் 55 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு முறை தரையில் மோதி எழுந்த பிறகும் அவ்வளவு வேகம் மிஞ்சியிருந்தது என்றால், அவன் வந்து சேர்ந்த வேகம் என்னவாக இருந்திருக்கும் என்பதை அங்கேயே புரிந்துகொண்டோம்.

இறங்கும்போது 55 முதல் 65 நாட் வேகத்தில் வர வேண்டும் என்பது அந்த விமானத்தின் கையேடு சொல்லும் கணக்கு. அவன் 70-க்கு மேல் வந்திருந்தான். மதியத்துக்குப் பிறகு காற்று திசை மாறிப் பின்னாலிருந்து வீசத் தொடங்கியிருந்தும், ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்குவது என்பதை யாரும் மாற்றியிருக்கவில்லை. வேகம் 60-லிருந்து 70 ஆனாலே விமானம் சுமந்து வரும் ஆற்றல் மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிவிடும்; பின்காற்று அதை இன்னும் ஏற்றும். அப்படி வரும் விமானம் தரையில் பட்டதும் மறுபடி எழும்பும். எழும்பிய மூக்கைக் கீழே அழுத்தத்தான் கை தானாகப் போகும். அழுத்தினால், இறங்கும் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதும். முதல் குதிப்பிலேயே முழு பவர் கொடுத்து மேலே போய் ஒரு சுற்று வந்திருக்க வேண்டும். ஓடுபாதையும் போதுமான அளவு மிச்சம் இருந்தது.

அவன் ஏன் போகவில்லை என்பது எங்கள் முதல் அறிக்கையில் இல்லை. அடுத்த வாரம் விடுப்பில் ஊருக்கு வந்த நான் ஆற்காட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தட்டில் மக்கன் பேடா வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். மாலையில் இருவரும் பாலாற்று மணலில் நடந்தோம். அவன் ஒரு குச்சியால் மணலில் மூன்று வளைவுகள் போட்டான். இரண்டாவது வளைவின்மேல் குச்சியை ஊன்றி, "இங்கயே மேல போயிருக்கலாம்ணா, தெரியும். முந்தின நாள் ரெண்டு வாட்டி இறக்காம மேல போயிட்டேன்னு எல்லார் எதிர்லயும் திட்டினாங்க. திரும்பியும் அதே பேச்சு வாங்கணுமேன்னுதான் எறக்கிட்டேன்" என்றான்.

இதைக் கேட்டபோது என் நெஞ்சு கனத்தது, ஏனென்றால் நான் மறைத்துவைத்திருந்ததும் ஒன்று இருந்தது. அன்று காலைச் சோதனையில் மூக்குச் சக்கரத்தின் ஓலியோ தண்டு, அதாவது எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் அடைத்த அதிர்வு தாங்கி, வழக்கத்தைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்ததைப் பார்த்தேன். அதில் நிரப்ப நைட்ரஜன் சிலிண்டரை எடுத்துவர வேறு ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) போக வேண்டும். மாலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தாழ்ந்த தண்டு மோதலைக் குறைவாகத்தான் வாங்கிக்கொள்ளும். புரொப்பெல்லருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் குறைத்துவிடும். அவ்வளவு வேகத்தில் நல்ல தண்டும் முறிந்திருக்கக்கூடும் என்று பின்னர் பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனால் விபத்து விசாரணையின் நோக்கம் இனி அப்படி நடக்காமல் தடுப்பதே, யார்மீதும் குற்றம் சுமத்துவதல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு சொல்கிறது. அந்த நோக்கம் நிறைவேற வேண்டுமானால், கண்ணால் பார்த்தவன் பார்த்ததை எழுதியாக வேண்டும். நான் எழுதியிருக்கவில்லை.

மணலில் உட்கார்ந்தபடியே அவனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அதையும் எழுதிடுங்கண்ணா, நானும் எழுதிடறேன்" என்று மட்டும் சொன்னான். பணிக்குத் திரும்பிய அன்றே தலைமைப் பொறியாளரிடம் என் வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கி, தண்டு தாழ்ந்திருந்ததையும் நேரத்தையும் சேர்த்து எழுதி, மறுபடி கையெழுத்திட்டேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு எஃகு ஸ்கேலை எடுத்து என்னிடம் நீட்டினார். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு காலையும் அந்த ஸ்கேலால்தான் தண்டை அளந்தேன்.