உள்ளே போகும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள்: ஒரு சி.எம்.எஸ். தேர்ந்தெடுத்த கதை

எங்கள் சிறு இதழின் தளம் ஒருவழியாகப் புது இடத்துக்குக் குடிவந்துவிட்டது. எந்த சி.எம்.எஸ். (கட்டுரைகளை ஏற்றித் தளத்தை நடத்த உதவும் மென்பொருள்) நல்லது என்று அலசும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாமே தீம், வேகம், செலவு என்றே பேசும். என்னைப் பாடாய்ப் படுத்தியது பழைய இடத்திலிருந்து கட்டுரைகளை வெளியே எடுப்பதுதான். அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

பழைய தளம், பெட்டிகளை இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் சந்தா வகை. பெயர் வேண்டாம். ‘ஏற்றுமதி’ என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியல் மட்டும் இறங்கியது. கட்டுரைகள் எங்கே என்று சப்போர்ட்டுக்கு எழுதினேன். “உங்கள் ஆலோசனைக்கு நன்றி, பரிசீலனைப் பட்டியலில் சேர்த்துவிட்டோம்” என்று பதில் வந்தது. நான் ஆலோசனை எதுவும் சொல்லவில்லையே! மறுபடி எழுதினால் வேறொருவர் பெயரில் அதே வரிகள். அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தில் ‘உங்கள் உள்ளடக்கம் உங்களுக்கே சொந்தம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உண்மைதான். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காப்பி எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

புதிய கட்டுரைகளைத் தானாகப் பட்டியலிடும் ஆர்.எஸ்.எஸ். ஓடையில் கடைசியாக வந்த சில கட்டுரைகள்தான் கிடைத்தன. காப்பாற்றியது சைட்மேப். அதில் எல்லாப் பக்கங்களின் முகவரியும் இருந்ததால், ஒவ்வொன்றையும் இறக்கித் தலைப்பு, தேதி, உடல் என்று பிரித்தெடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். எழுத்து பத்திரமாக வந்தது. படங்களின் கோப்புப் பெயர்கள் எல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக்கோவையாக மாறியிருந்தன. படக்குறிப்புகள் தனிப் பெட்டிகளில் இருந்ததால் எந்தக் குறிப்பு எந்தப் படத்துக்கு என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் தேர்வு. இந்த முறை முதல் கேள்வியே, நாளை இதை விட்டுப் போக நேர்ந்தால் என்ன கையோடு வரும் என்பதுதான்.

மனம் முதலில் ட்ரூபல் என்ற சி.எம்.எஸ். பக்கம் சாய்ந்தது. எங்கள் இதழ் இரண்டு மொழிகளில் வருகிறது. 2015இல் வந்த ட்ரூபல் 8 முதல் பன்மொழி வசதி மூல மென்பொருளிலேயே இருக்கிறது, தனியாகப் பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) தேட வேண்டாம். ஆனால் ட்ரூபல் 7இல் இருந்தவர்கள் 8க்குப் போகத் தளத்தைக் கிட்டத்தட்டப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. பலர் 2025 ஜனவரியில் 7க்கான ஆதரவு முடியும் வரை அங்கேயே தங்கியதற்கு அதுதான் காரணம். 8க்குப் பிறகு பாதை எவ்வளவோ சுலபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னை நிறுத்தியது ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் நிறுவனம். ட்ரூபல் 10க்கு, அது எழுதப்பட்ட நிரல்மொழியான பி.எச்.பி.யின் 8.1 பதிப்பு வேண்டும், அவர்கள் பேனலில் இருந்ததோ 2022லேயே ஆதரவு முடிந்துபோன 7.4. கேட்டால் “பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது” என்றார்கள். ட்ரூபலை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான கம்போஸரை ஓட்ட எஸ்.எஸ்.எச். (சர்வருக்குள் நுழைந்து கட்டளை இடும் வழி) வேண்டும் என்றேன், அது அடுத்த திட்டத்தில்தான் உண்டாம். திட்டம் வாங்கும் முன் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சி.எம்.எஸ்.ஸான ஜூம்லாவும் சரியாகவே இருந்தது. எங்களில் யாருக்கும் அதில் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

என் சொந்த விருப்பம் ஹியூகோ, உரைக் கோப்புகளிலிருந்து முழுத் தளத்தையும் கட்டித் தரும் நிரல். டேட்டாபேஸே கிடையாது, கட்டுரைகள் வெறும் உரைக் கோப்புகள். ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் கோப்பின் தலைப்பகுதியில், மேற்கோள் குறிக்குள் போடாத தலைப்பில் முக்காற்புள்ளியும் இடைவெளியும் வந்துவிட்டால் தளம் கட்டப்படாமல் நின்றுவிடும். எங்கள் ஆசிரியருக்கு முக்காற்புள்ளி இல்லாமல் தலைப்பே வைக்க வராது. சோதனையின் முதல் நாளே போன் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் எல்லாரும் போகும் வேர்ட்பிரஸுக்கே வந்தேன். நிறுவியது ஒரு வேலையே இல்லை. அப்புறம்தான் வரிசையாக வந்தது. இறக்குமதிக் கோப்பு ஏறவில்லை: பி.எச்.பி.யின் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 எம்.பி.தான், அதை ஏற்ற வேண்டும். பங்களிப்பாளர் உரிமை கொடுத்த எழுத்தாளர்கள் படம் ஏற்ற முடியவில்லை என்று புகார் சொன்னார்கள். அந்த உரிமையில் அது கிடையாது. எழுத்தாளர் உரிமை கொடுத்தால்தான் உண்டு.

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது பக்க முகவரி. வேர்ட்பிரஸில் தலைப்பிலிருந்து உருவாகும் அதன் கடைசிப் பகுதிக்கு 200 குறிகள்தான் இடம். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனிக்கணக்கு. அதாவது சுமார் 22 தமிழ்க் குறிகளோடு கதை முடிந்தது. ‘அறிவியல் கேள்வி பதில்: மின்னல்’ என்ற கட்டுரையின் முகவரி ‘மி’யோடு வெட்டுப்பட்டது. ‘அறிவியல் கேள்வி பதில்: மின்காந்தம்’ போட்டதும் அதுவும் அதே ‘மி’யில் வந்து நின்று, பின்னால் 2 என்று ஒட்டிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆங்கில எழுத்தில் குட்டி முகவரியைக் கையால் போடுகிறோம். வெளியிடும் முன் போட்டுவிட வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்தேன். யாராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். சில கட்டுரைகளைப் போட்டு, ஏற்றுமதி செய்து, காலியான இன்னொரு வேர்ட்பிரஸில் ஏற்றிப் பார்த்தேன். தலைப்பு, தேதி, வகை, எழுதியவர் பெயர் எல்லாம் அப்படியே வந்தன. பழைய சப்போர்ட்காரர்களுக்கு அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரே ஒரு பக்கம் மட்டும் சதுர அடைப்புக்குறிகளின் குவியலாக வந்தது. பக்க வடிவமைப்புப் பிளகின் ஒன்றில் கட்டிய பக்கம் அது. பிளகின் இல்லாத இடத்தில் அதன் குறுங்குறிகள் மட்டும் மிஞ்சும். அன்றே அந்தப் பிளகினை நீக்கிவிட்டேன். இன்னொன்று: ஏற்றுமதிக் கோப்பில் படங்கள் இருக்காது, படங்களின் முகவரிகள்தான் இருக்கும். இறக்குமதியின்போது பழைய தளத்திலிருந்துதான் படங்கள் இழுக்கப்படும், ஆகவே பழையதை அவசரப்பட்டு மூடாதீர்கள்.

டொமைன் எங்கள் பெயரில் தனியாகப் பதிவாகியிருந்ததால் பழைய முகவரிகளுக்கு வருபவர்களைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திசைமாற்றம் போடுவது ஒரே உட்காரலில் முடிந்தது. படக்குறிப்புகள்தான் பாக்கி. பழைய பக்கத்தை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு கையால் தட்டிக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை அந்தச் சந்தாவையும் கட்டித் தொலைக்க வேண்டியிருக்கிறது.