மயிலிட்டிச் சூரையும் கோண்டாவில் அடுப்பும்

வெள்ளிக்கிழமை மதியம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் நண்பன் வீட்டுக்குள் நுழைந்து பையை வைத்ததும் நான் கேட்டது மீனைப் பற்றித்தான். நண்பனின் அம்மா சிரித்தார். "இண்டைக்கு வெள்ளி, மச்சம் இல்லைத் தம்பி. நாளைக்குப் பாப்பம்."

யாழ்ப்பாணத்தில் மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல், மச்சம். வெள்ளிக்கிழமைகளில் பல சைவ வீடுகளில் அது குசினிப் பக்கமே வராது. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் தொடாத வீடுகளும் உண்டு. அன்று எனக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் குத்தரிசிச் சோறும் கிடைத்தன. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஆனாலும் மனது மீனில்தான் இருந்தது. கப்பலில் வரும்போதே முடிவு செய்துவிட்டு வந்திருந்தேன்: இந்தப் பயணத்தில் நல்ல சூரை ஒன்றைக் கரையிலேயே வாங்கி, தடித்த வில்லையாக வெட்டி, இந்த வீட்டு அடுப்பில் சுட வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடும் கப்பல் அது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரம். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் வீட்டில் சூரையை மதிக்க மாட்டார்கள். சீலாவும் பாறையும் கிடைக்காத நாளில் வாங்குவார்கள், புளியை ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். மாசிக் கருவாடாக மாறினால் மட்டும் அதற்கு மரியாதை. பச்சைச் சூரையை அளவாகச் சுட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு முப்பது வயது வரை தெரியாது. முதல் முறை சாப்பிட்டபோது, இத்தனை வருடம் இந்த மீனுக்கு நாங்கள் செய்தது அநியாயம் என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை விடியும் முன்பே, மயிலிட்டி மீன்பிடித் துறைக்குப் போக நண்பனின் தம்பி மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். நடுவில் ஒரு ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி, அதற்குள் பாதி அளவுக்கு ஐஸ். பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். சுன்னாகம், தெல்லிப்பழை என்று செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போகிற சாலை. அந்த நேரத்திலேயே வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தெல்லிப்பழை தாண்டியதும் வீடுகள் குறைந்துவிடும். கூரை இல்லாத சுவர்கள், சுவருக்குள் வளர்ந்து நிற்கும் மரங்கள். 1990-இல் இங்கிருந்து இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்கள் தங்கள் துறையை மறுபடி மிதித்தது 2017-இல். போருக்கு முன் நாட்டின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று இது. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "போகேக்க எனக்குப் பத்து வயது. திரும்பி வரேக்க என்ர மகளுக்குப் பத்து வயது" என்றார். ஊசி நிற்கவே இல்லை.

துறையின் ஒரு பக்கத்தில் பிடிபட்ட தமிழ்நாட்டு விசைப்படகுகள் வரிசையாகக் கிடந்தன, சில பாதி மூழ்கி. பலகையில் தமிழில் எழுதிய பெயர்கள். அவற்றின் மடி வலை கடலடியை வாரிக்கொண்டு போவதால் அடுப்பு எரியாத வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்தப் படகுகளை நம்பிக் கடன் வாங்கிய வீடுகள் அங்கே இருக்கின்றன. இரண்டு கரையிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். தம்பியும் எதுவும் கேட்கவில்லை.

சூரைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கிடக்கும் கடலேரியிலும் பாக் நீரிணையிலும் நண்டு, இறால், திருக்கை, ஓரா என்று எவ்வளவோ கிடைக்கும். ஆனால் அது ஆழமில்லாத கடல். நான் தேடிப் போன பெரிய மஞ்சள் துடுப்புச் சூரை, கொழும்பில் கெலவல்லா என்று விற்பார்களே, அது ஆழ்கடல் மீன். அதைக் கொண்டுவருவது நாள்கணக்கில் கடலில் தங்கும் பலநாள் படகுகள்தான். சூரை நிற்காமல் நீந்தினால்தான் அதற்கு மூச்சு. வாயைத் திறந்தபடி முன்னால் பாய்ந்து, செவுள் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டே அது உயிர் வாழ்கிறது. அந்த ஓயாத உழைப்புக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைச் சேமித்து வைக்கும் மையோகுளோபின்தான் சதைக்கு மாட்டிறைச்சி போன்ற அந்தச் சிவப்பைத் தருகிறது. உடம்பும் சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். போராடிப் பிடிபட்ட மீன் இன்னும் சூடாகும். அந்தச் சூட்டை உடனே இறக்காவிட்டால் கரைக்கு வருவதற்குள் சதை கெட ஆரம்பித்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் சூரை வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நாற்றமும் இல்லை. நன்றாகவே வேக வைத்தேன். சாப்பிடும்போதே நாக்கில் மிளகு கடித்ததுபோல ஒரு காந்தல். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சூரையா, கானாங்கெளுத்தியா?" இந்த வகை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. அதனால்தான் மோட்டார் சைக்கிளில் அந்தப் பெட்டி. சூரை வாங்கப் போகிறவர்கள் பணத்துக்கு முன்னால் ஐஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் மீன் கூறி விற்றுக்கொண்டிருந்தார்கள். மொத்த ஏலம் முடிந்த பிறகு, வெட்டி விற்கும் ஒருவரிடம் போனோம். 20 கிலோவுக்குக் குறையாத ஒரு மீன் மரப்பலகையில் கிடந்தது. வயிற்றுக்குள் ஐஸ் அடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. கண் குழி விழாமல் தெளிவாக இருந்தது. வாலுக்குப் பக்கத்தில் வெட்டிய இடத்தைக் காட்டச் சொன்னேன். அடர்ந்த சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் ஒளி ஊடுருவியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மேலே வந்தது. சதை பழுப்பாகியிருந்தால் பழசு. வெளிநாட்டுக் கடைகளில் நாள் போனாலும் செர்ரிப் பழம் போல மின்னும் துண்டுகள் இருக்கும். பலவற்றுக்கு அந்த நிறம் கார்பன் மோனாக்சைடு ஏற்றியதால் வருவது, அதை நம்பி வாங்கக் கூடாது.

"கறிக்கோ, பொரிக்கவோ?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லை. நடுமுள்ளும் தோலும் எடுத்துவிட்டு, சதையை மட்டும் தடிப்பமாகத் தாருங்கள்."

அவர் கத்தியை ஓட்டிய விதத்தை என்னால் மறக்க முடியாது. முதுகெலும்பை ஒட்டி ஒரே இழுப்பு. நீளமான சதைப் பாளம் தனியாக வந்தது. நடுவில் கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு பட்டை ஓடும், இரத்தச் சதை. கறிக்கு அது ருசி. சுடுவதற்கு வேண்டாம், கசப்பும் கவுச்சியும் அங்கேதான். அதை அவர் தனியாக அறுத்துப் பொட்டலம் கட்டி, "இதை எறியாதேங்கோ, அம்மாட்டக் குடுங்கோ" என்றார். மிச்சத்தை 3 சென்டிமீட்டர் மொத்தத்தில் ஐந்து வில்லையாக வெட்டித் தந்தார். மெல்லிசாக வெட்டினால் வெளியே சிவக்கும் முன்பே உள்ளே வெந்து கட்டையாகிவிடும். தடிப்பம் இல்லையென்றால் இந்தச் சமையலே இல்லை.

வீட்டில் ஒரு சிக்கல் காத்திருந்தது. தோசைக்கல்லில் சுடலாம் என்று நினைத்திருந்தேன். அது சைவத்துக்கு உள்ளது, மீன் படக் கூடாது. மச்சத்துக்கு என்று இருந்த தாச்சி குழிவானது, வில்லை தட்டையாகப் படியாது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு வெளி அடுப்படிக்குப் போய், பழைய இரும்பு ரொட்டித் தட்டு ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். "கேஸில வேண்டாம். இதுக்கு ஊமல் போட்டுத் தாறன்."

ஊமல் என்றால் பனங்கொட்டை முளைத்துக் கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் காய்ந்த ஓடு. சிரட்டையோடு சேர்த்து எரித்தார். தணல் விழுந்தபோது அடுப்புக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்க முடிந்தது. எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு அந்தச் சூட்டைத் தந்ததே இல்லை.

வில்லைகளுக்கு உப்பு போட்டுக் கால்மணி நேரம் வைத்தேன். மேலே ஈரம் கசிந்து வரும், அதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மீன் சுடாது, அவியும். அப்புறம் கரகரப்பாக இடித்த மிளகும் பெருஞ்சீரகமும். வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூளைத்தான் தடவ ஆசை, ஆனால் அந்தச் சூட்டில் தூள் கருகிக் கசந்துவிடும். தேசிக்காயும் இப்போது வேண்டாம். புளிப்புப் பட்டால் மேல்சதை வெளுத்துவிடும், அதனால் கடைசியில் பிழிந்தால் போதும். தேங்காயெண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் மீனில் மட்டும் மெல்லிசாகத் தடவினேன்.

தட்டு மெலிதாகப் புகைய ஆரம்பித்ததும் முதல் வில்லையை வைத்தேன். வைத்த பிறகு அசைக்கக் கூடாது. பார்க்க வேண்டிய இடம் மீனின் பக்கவாட்டு. கீழேயிருந்து வெளுப்பு ஒரு கோடு போல மேலே ஏறிவரும், நீர் ஏறுவதைப் போல. கால் பங்கு ஏறியதும் திருப்பினேன். ஒன்றரை நிமிடம் இருக்கும். அடுத்த பக்கமும் அவ்வளவே. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு அப்படியே நின்றது. எடுத்து இரண்டு நிமிடம் சும்மா வைத்துவிட்டு, சதை ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டினேன்.

அம்மா குனிந்து பார்த்தார். "உள்ளுக்கு அவியேல்லத் தம்பி."

"அப்படித்தான் அம்மா இருக்க வேண்டும். ஒரு துண்டு ருசி பாருங்கள்."

அவர் வாங்கவில்லை. தம்பி ஒன்றை எடுத்து, பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் தேசிக்காயும் பிசைந்த சம்பலில் தொட்டு வாயில் போட்டான். ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்தான். நான் சாப்பிட்டபோது ஓரத்தில் மிளகும் புகையும் கடிபட்டன. நடுவில் மீன் என்றே சொல்ல முடியாத ஒரு மென்மை, லேசான இனிப்பு. அந்தப் படகுக்காரர்கள் கடலிலேயே ஐஸில் வைத்துப் பார்த்துக்கொண்ட மீன் அது. நான் செய்ததெல்லாம் அதைக் கெடுக்காமல் எடுத்ததுதான்.

அடுத்த வில்லையை அம்மாவுக்காகச் சுட்டேன். பக்கத்துக்கு மூன்று நிமிடம். சிவப்புப் போய் நடுவில் இளஞ்சிவப்பு மட்டும் நின்றது. இதைப் பிட்டுச் சாப்பிட்டார். சாறு இருந்தது, அதுதான் எனக்கு வேண்டும். வீட்டில் வயதானவர்களோ கர்ப்பிணிகளோ இருந்தால் முழுக்க வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அப்போதும் நடு வெளுத்த நொடியில் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சாறு போகிற நிமிடம்.

இரத்தச் சதையை அம்மா பழப்புளியும் தூளும் போட்டுச் சட்டியில் வற்ற வைத்தார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நான்கு வில்லை முடிந்து ஒன்று மிஞ்சியது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது. ஞாயிறு காலை குசினியிலிருந்து வந்த மணத்துக்கு எழுந்தேன். அந்த வில்லையை அம்மா உதிர்த்துப் போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சளோடு வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவிக் கிளறிக்கொண்டிருந்தார். சுறாவில் செய்கிற வறையைச் சூரையில் செய்திருந்தார். மிளகும் ஊமல் புகையும் அதற்குள்ளும் இருந்தன. பக்கத்தில் நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டிய சுடச்சுடப் புட்டு.

சாப்பிடும்போது சென்னையிலிருந்து நண்பன் வீடியோவில் வந்தான். தட்டைக் காட்டச் சொன்னான். கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். அவன் ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது.

"வறையோ?" என்றான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அம்மா சாப்பிட்டவவோ?" என்று கேட்டான்.

அம்மா குசினிக்குள் இருந்தே "ஓம், சாப்பிடுறன், சாப்பிடுறன்" என்றார். கையில் இன்னும் அகப்பைதான் இருந்தது.