ஆனைக்காவில் ஒரு நாவல் இலை

1-ஆம் நம்பர் பஸ்ஸில் திருவானைக்கா போய் இறங்கும்போதே பதினொன்றரை. உச்சிக்கால பூஜையைப் பார்த்தே தீர வேண்டும் என்று அம்மா வழி முழுக்க அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள்.

வாசலில் வில்வம் வாங்கினோம். "மூணு இலையும் முழுசா இருக்கான்னு பாருடி" என்றாள். தாவரவியல் படித்த வாய் சும்மா இருக்குமா? "அம்மா, அது மூணு இலை இல்ல. ஒரே இலைதான், மூணாப் பிரிஞ்சிருக்கு. காம்பு அடியில மட்டும்தான் மொட்டு இருக்கும், பாரு" என்றேன். "சாமிக்குத் தெரியும், நீ நட" என்று பதில் வந்தது.

நீர் வடிவமான அப்பு லிங்கத்தை நேராகப் பார்க்க முடியாது. ஒன்பது துளையுள்ள கல் சாளரம் வழியாகத்தான் முதல் தரிசனம். கண்ணை ஒட்டவைத்தபோது தெரிந்தது விளக்கொளி மட்டும். பிறகு குனிந்து உள்ளே போனோம். அந்தக் குனிதலுக்கும் கதை உண்டு. யானை நுழைய முடியாதபடி கட்டியவர் கோச்செங்கட் சோழர், முற்பிறப்பில் சிலந்தி. கருவறைத் தரை எப்போதும் ஈரம். அர்ச்சகர் துணியை எடுத்துப் பிழிந்து காட்டினார்.

உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே மேளதாளத்தோடு வந்து சுவாமிக்குப் பூஜை செய்தார். அம்பாள் இங்கே சிவனிடம் உபதேசம் கேட்ட மாணவி, அதனால் இந்தக் கோயிலில் கல்யாணம் நடத்துவதில்லை. கோபூஜை முடிகிறவரை அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் நான் தேடி வந்ததைப் பார்த்தேன். கருவறையை ஒட்டி நிற்கும் வெண்ணாவல், தலவிருட்சம். சிவன் தந்த நாவல் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிய ஜம்பு முனிவரின் தலையைப் பிளந்துகொண்டு முளைத்த மரம் என்பார்கள். பறிக்கக் கூடாது, கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்தேன். வில்வம் போலப் பிரியவில்லை. காம்பிலிருந்து நுனிவரை ஒரே பரப்பு, தனி இலை. நெருக்கமான மெல்லிய நரம்புகள் ஓரத்துக்குச் சற்று முன்பே ஒரு கோட்டில் போய்ச் சேர்கின்றன. வெயிலில் பிடித்தால் ஊசி குத்தினாற்போல் எண்ணெய்ப் புள்ளிகள்.

யோசித்தால் இத்தனை பெரிய கோயிலின் கதையே இந்த மரத்துச் சருகில்தான் ஆரம்பிக்கிறது. சிவன்மேல் சருகு விழாமலிருக்கச் சிலந்தி வலை பின்னியது. அதை அசுத்தம் என்று யானை கலைத்தது. மறுபடி பின்ன, மறுபடி கலைக்க, கடைசியில் துதிக்கைக்குள் புகுந்து சிலந்தி கடித்தது. இரண்டுமே செத்தன. இரண்டுக்கும் பக்தியில் குறைவில்லை. ஒன்றின் தொண்டு இன்னொன்றுக்குக் குப்பையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். சிலந்தி பக்கம்தான் என் மனசு சாய்கிறது. அம்மா யானைக் கட்சி. காவிரித் தண்ணீரைத் துதிக்கையில் சுமந்து வந்ததாம் பாவம்.

நாங்கள் இப்படி வழக்காடிக்கொண்டிருக்கையில், துடைப்பத்தோடு ஒரு பாட்டி வந்து தரையைக் கூட்ட ஆரம்பித்தார். என் கையிலிருந்த இலையைப் பார்த்து, "அதையும் இதுல போடும்மா" என்றார். தயங்கினேன். "காலையிலயே ஒரு கூடை அள்ளிட்டேன். உச்சிக்காலம் முடியறதுக்குள்ள இன்னொரு கூடை" என்று சொல்லிக்கொண்டே முறத்தை நீட்டினார்.

போட்டுவிட்டேன்.