பெயரில்லாத குளவி: ஒரு வேலைக் குறிப்பேடு

பெப்ரவரி 9

தோட்டத்தில் "குளவி" என்றதும் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றும். அது கூடு கலைந்து ஆட்களை விரட்டும் கருங்குளவி, அல்லது மலைத்தேனீ. இங்கே எழுதப்போவது 3 மில்லிமீற்றர்கூட வராத ஒரு கறுப்புப் பூச்சியைப் பற்றி. அது ஆளைக் கொட்டாது. அதன் ஊசி, புழுவுக்குள் முட்டை வைப்பதற்கு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, புழுவின் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து வெள்ளைக் கூடு கட்டும். புழு தப்பாது.

நானுஓயாவிலிருந்து இறங்கும் சரிவு, ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரம். தேயிலை மலைக்கும் ஓடைக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டில் குறிஞ்சிப் புதர்கள். அவற்றிலிருந்து, உள்ளே புழு இருக்கும் 62 இலைச்சுருள் எடுத்தாயிற்று. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் பையிலேயே இருக்கிறது. அது இல்லாமல் பிடித்த மாதிரியைப் பின்னால் எந்த ஆய்விதழும் ஏற்காது.

பெப்ரவரி 10

ஒரு புழுவுக்கு ஒரு யோகட் கப். இரண்டை ஒன்றாகப் போட்டால் எது எதிலிருந்து வந்தது என்று பிறகு சத்தியம் செய்ய முடியாது. அடியில் ரிசூ, மேலே ஊசியால் குத்திய மூடி. ஒன்றுவிட்ட ஒரு நாள் புது இலை. இந்த ஊர்ப் பனிமூட்டத்தில் கப்பின் உள்சுவர் வியர்த்துவிடும். வியர்த்தால் பூஞ்சணம், பூஞ்சணம் வந்தால் புழுவும் போச்சு, உள்ளே இருப்பதும் போச்சு. இலையைக் கழுவினால் துடைத்துக் காயவிட்டே போட வேண்டும்.

ஒட்டுண்ணி இல்லாத புழுக்களையும் கொட்டிவிடக் கூடாது. அவை அந்துப்பூச்சியாக வந்தால்தான் விருந்தோம்பியின், அதாவது குளவிக்கு இரையாகும் புழுவின், பெயர் கிடைக்கும். செத்த புழுவின் தலை ஓட்டையும் அதே எண்ணோடு எடுத்து வைக்கிறோம்.

பெப்ரவரி 21

பத்தொன்பது கூடுகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில், பஞ்சடைப்போடு. பல கையேடுகள் வெற்றுக் கப்சியூல் போதும் என்கின்றன. உலர்ந்த ஊரில் போதும். இங்கே ஜெலற்றின் ஈரம் இழுத்து இளகி, வெளியே வரும் குளவியின் இறகை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

மார்ச் 4

14 குப்பிகளில் ஒரே மாதிரி: 9 பெண், 5 ஆண். மூன்றில் வேறு ஆள்! முன்னிறகின் நரம்புகளுக்கு நடுவே பெரிய சாய்சதுரச் சிற்றறை, மெசோகோரஸ் என்ற குளவிப் பேரினம். இது ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி. கூடு கட்டியவன் ஒருவன், அதற்குள் இருந்து அவனையே தின்று வெளியே வந்தவன் இன்னொருவன். கூட்டைப் பார்த்தாலே தெரியும். கட்டியவன் வந்திருந்தால் கூட்டின் நுனி மூடிபோல வட்டமாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். தின்றவன் வந்திருந்தால் கறையான் அரித்ததுபோல ஒழுங்கற்ற ஓட்டை, பெரும்பாலும் பக்கவாட்டில். "இந்தப் புழுவிலிருந்து இந்தக் குளவி" என்று அச்சிலேறிய பழைய பதிவுகள் சில பிழையானது கூட்டைத் தனியே வைக்காததால்தான். எங்கள் கணக்கில் வெற்றுக் கூடும் குளவியோடு சேர்ந்தே போகும், தனி அட்டையில்.

மிச்சம் இரண்டு குப்பி இன்னும் அசையவில்லை.

மார்ச் 5

வெளிவந்ததும் கொல்லக் கூடாது. ஒரு நாள் விட்டால்தான் தோல் இறுகும், நிறம் ஏறும். அவசரப்பட்டால் கால் வெளிறிய மஞ்சளாகவே நிற்கும். அதை ஒரு இனத்தின் அடையாளம் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. பிறகு 95 வீத எதனோல், உறைகுளிரில். 70 வீதத்தில் உடல் வளையும் தன்மையோடு இருக்கும், ஆனால் டி.என்.ஏ. சிதையும். 95இல் டி.என்.ஏ. நிற்கும், உணர்கொம்பு முறுக்கென்று உடையும். டி.என்.ஏ.வைக் காப்பதே மேல். கொம்பைக் கவனமாகக் கையாளலாம்.

மார்ச் 17

ஊசியேற்றும் நாள். எதனோலிலிருந்து எடுத்துக் காற்றில் காயவிட்டால் கண்ணும் வயிறும் குழிவிழும். அதனால் முதலில் முழு எதனோல், பிறகு ஹெக்ஸாமெத்தில்டைசிலசேனில் ஊறவிட்டு ஆவியாக விடுவது. அந்தத் திரவத்தின் ஆவி நல்லதல்ல, ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி இல்லாமல் திறக்க வேண்டாம்.

அமிலமற்ற தடித்த அட்டையில் 10 மில்லிமீற்றர் நீள முக்கோணம். அதன் கூர்நுனியைச் சற்றே மடித்து, பசை ஒரு துளி, குளவியின் வலப்பக்க மார்பில் மட்டும். பசை கூடிவிட்டால் பார்க்க வேண்டிய தட்டுகளை அதுவே மூடிவிடும். தண்ணீரில் கரையும் பசைதான் நல்லது, பிழைத்தால் கழற்றலாம். ஊசி துருப்பிடிக்காத உருக்கு. சாதாரண ஊசி இங்கே இரண்டு மழைக்காலம் தாங்காது.

லேபலில் ஆள்கூறு நான்கு தசம இடம்: அது 11 மீற்றருக்குள் கொண்டுவிடும். இரண்டு தசமம் என்றால் ஒரு கிலோமீற்றர், அதாவது ஓடை மாறி வேறு மலைக்கே போய்விடும். மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். 3/4 என்றால் மார்ச்சா ஏப்ரலா?

ஏப்ரல் 3

மைக்ரோகாஸ்ட்ரினே என்ற ஒட்டுண்ணிக் குளவித் துணைக்குடும்பம் என்பதில் சந்தேகமில்லை: உணர்கொம்பில் 18 கணுக்கள், முன்னிறகுச் சிற்றறை திறந்தது. மார்பின் பின்தட்டில், புரோபோடியத்தில், முழுமையான அரியோலா, அதாவது வரம்பு கட்டிய நடு அறை. பெண்ணின் ஊசியுறை பின்காலின் திபியா (தொடைக்கு அடுத்த கணு) அளவு நீளம். ஆகவே பேரினம் அபான்டலஸ் அல்லது டொலிக்கோஜெனிடியா. இரண்டையும் பிரிக்கப் பின்னிறகின் அடிமடலைப் பார்க்க வேண்டும். டொலிக்கோஜெனிடியாவில் அதன் ஓரம் சீராகப் புடைத்து, முழுதும் மயிர்விளிம்போடு இருக்கும். அபான்டலஸில் நேராக அல்லது உள்வாங்கி, நடுவில் மயிர் அற்றிருக்கும். இறகு மடிந்து காய்ந்தால் இது தெரியவே தெரியாது. ஒரு மாதிரியின் இறகைக் கழற்றி நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகட்டில் பதித்த பிறகுதான் தெளிந்தது: மயிரில்லை. அபான்டலஸ்.

ஏப்ரல் 20

மெய்யான வேலை இனிமேல்தான். புதிது என்று சொல்வதற்கு முன் பழையது இல்லை என்று காட்ட வேண்டும். 1928இல் வில்கின்சன் இந்தோ-அவுஸ்திரேலிய அபான்டலஸ் இனங்களைத் திருத்தி எழுதினார். 1981இல் மேசன் அந்தப் பேரினத்தைப் பல துண்டாக்கினார். எனவே இன்று வேறு பேரினத்தில் இருப்பவையும் பழைய பெயரில் அங்கே கிடக்கின்றன, அவற்றையும் ஒப்பிட வேண்டும். பழைய விபரிப்புகள் பல நாலு வரிதான்: கறுப்பு, கால் மஞ்சள், இறகு தெளிவு. அந்த நாலு வரியில் பாதி மைக்ரோகாஸ்ட்ரினே அடங்கும்! அதற்கு மருந்து மூலமாதிரியை, அதாவது அந்தப் பெயர் எந்த உடலுக்கு வைக்கப்பட்டதோ அதையே, பார்ப்பது ஒன்றுதான். கொலனித்துவக் காலத்துச் சேகரிப்பில் பெரும்பகுதி இலண்டனில் இருப்பதால், படம் கேட்டு எழுதுவதும் காத்திருப்பதும்.

மே 12

வலது நடுக்கால் ஒன்று டி.என்.ஏ.வுக்கு. வயிற்றைத் தொடக் கூடாது, விருந்தோம்பியின் எச்சம் அங்கே இருக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவே இடுக்கியைச் சுடரில் காட்ட வேண்டும். இனம் பிரிக்க உதவும் சீஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டு, ஃபோல்மர் குழுவின் 1994 தொடக்கிகளோடு (படியெடுப்பைத் தொடக்கிவைக்கும் குறு டி.என்.ஏ. துணுக்குகள்). எட்டில் ஏழு குளவியாக வந்தன, ஒன்று பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வொல்பாக்கியா பற்றீரியாவாக வந்தது. தொடக்கிகள் அதையும் பிடித்துக்கொள்ளும். வரிசை வந்தவுடன் தரவுத்தளத்தில் ஒப்பிடாமல் உறவுமுறை மரவரைபு போடுபவர்கள் குளவிக் குடும்பத்துக்குள் பற்றீரியாவைக் குடியேற்றிவிடுவார்கள்.

வரிசை வேறுபாடு மட்டும் புது இனத்துக்குப் போதாது. முதல் வயிற்றுத்தட்டின் நீள அகல விகிதமும் அரியோலாவின் வடிவமும் அதே பிரிவைச் சொல்ல வேண்டும். இதில் சொல்கின்றன.

யூன் 8

தென்மேல் மழை. காட்டுக்குள் போக முடியாது. பெட்டிகளில் சிலிக்கா ஜெல் மாற்றினோம், நீலம் வெளிறிவிட்டது.

பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தேயிலையிலேயே பதில் உண்டு. இலைச்சுருட்டிப் புழுவை அடக்க 1935–36இல் ஜாவாவிலிருந்து ஒரு மக்ரோசென்ட்ரஸ் குளவி கொண்டுவரப்பட்டது. அது மலையில் பரவி வேலையைத் தொடங்கியபோது அதற்குப் பெயரே இல்லை. 1938இல்தான் நிக்சன் மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்று பெயரிட்டார். பின்னாளில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லி தெளித்த இடங்களில் இலைச்சுருட்டி திரும்பத் தலைதூக்கியது. எந்தக் குளவி செத்தது என்று அப்போது சொல்ல முடிந்தது, பெயர் இருந்ததால்.

யூலை 2

மூலமாதிரி ஒன்றே ஒன்று: பெண், இரு கொம்பும் முழுதாக, இடப்பக்கக் கால்கள் எல்லாம் சரியாக உள்ளது. டி.என்.ஏ. எடுத்த அதே உடல். மூலமாதிரியைத் தொடாமல் வேறொன்றில் கால் எடுக்கும் பழக்கம் எங்களுக்கு ஒப்பில்லை. நாளைக்கு இரண்டும் இரண்டு இனம் என்று தெரிந்தால் பெயர் ஒரு பக்கம், வரிசை ஒரு பக்கம் நிற்கும்.

அனைத்துலக விலங்குப் பெயரிடல் விதிப்படி 1999க்குப் பின் வரும் இனத்துக்கு அது புதிது என்ற வெளிப்படையான அறிவிப்பும், மூலமாதிரியின் குறிப்பும், அதை வைக்கும் இடமும் கட்டாயம். இணையத்தில் மட்டும் வரும் இதழென்றால் ஸூபாங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும், அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அபான்டலஸ் ஆண்பால், அதனால் பெயரடையும் ஆண்பாலில். பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. விபரிப்பு இல்லாமல் முந்தி வெளியே வரும் பெயர் விதிப்படி வெறும் பெயர், செல்லாது. பிறகு வருபவர்களுக்கு அது தலையிடி மட்டும்.

யூலை 19

கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் பெட்டி கட்டியாயிற்று. நீளமான லேபலுக்கு இருபுறமும் துணை ஊசி குத்த வேண்டும், இல்லாவிட்டால் வளைவுப் பாதையில் லேபல் சுழன்று பக்கத்துக் குளவியின் கொம்பைத் தட்டிவிடும். பெட்டிக்குள் பெட்டி, நடுவே நசுங்கும் பஞ்சு. கைப்பையில்தான் போகிறது.

விருந்தோம்பி அந்துப்பூச்சி நான்கு வந்தன. வயிற்று நுனியை 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தும் குடும்பத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை. கட்டுரையில் அந்த இடத்தில் குடும்பப் பெயர் மட்டும் போகிறது.